பத்மினிக்குத் தகடு வெல்டிங்: வீட்டில் வைத்துக்கொள்ள எந்த மெஷின் வாங்கலாம்?

பவானிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மாமாவின் 1986 பிரீமியர் பத்மினி கார் நாலு வருடமாக மாட்டுக்கொட்டகையில் நின்றது. போன மாதம் வெளியே இழுத்துப் போட்டேன். இன்ஜின் சுற்றுகிறது, கியர் விழுகிறது. ஆனால் டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் கீழே மண் தெரிகிறது. தளத்தகட்டில் உள்ளங்கை அளவில் இரண்டு ஓட்டை, பின்சக்கரத்துக்கு மேலே ஒன்று. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி இரண்டு பக்கமும் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்கிறது.

டிங்கரிடம் விட்டால் வண்டி எப்போது திரும்பும் என்று அவருக்கே தெரியாதாம். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று மெஷின் கடைக்குப் போனேன். கடைக்காரர் 250 ஆம்பியர் ஆர்க் இன்வெர்ட்டர் (ராடு வைத்து ஒட்டும் மெஷின்) ஒன்றைக் காட்டி, "ஆம்பியர் அதிகம் இருந்தா எதுக்கும் ஆகும் தம்பி" என்கிறார். இருபத்தைந்தாயிரம் வரை என்னால் போட முடியும். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். கல்லூரிப் பட்டறை வகுப்பில் ஒரே ஒரு நாள் ராடு பிடித்திருக்கிறேன். ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு சிவந்ததுதான் நினைவில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

கரிவண்டி

தம்பி, இப்போதைக்கு அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். 250 ஆம்பியர் கேட்டுக்கு ஆகும், மாடிப்படிக் கைப்பிடிக்கு ஆகும். கார் உடம்புக்கு மெஷின் எவ்வளவு கீழே இறங்கும், இறங்கிய இடத்தில் ஆர்க் நிலையாக நிற்குமா என்பதுதான் கேள்வி. உங்கள் தகடு பெரும்பாலும் 20 கேஜ் இருக்கும், அதாவது 0.9 மில்லிமீட்டர். காலிப்பர் வைத்து நீங்களே அளந்துபாருங்கள், துரு இல்லாத இடத்தில். 2.5 ராடு ஒழுங்காக எரிய அறுபது ஆம்பியராவது கேட்கும். அந்தச் சூட்டை 0.9 தகடு தாங்காது. ராடு வைத்த இடத்தில் ஓட்டை விழும், அதை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதாகும். என் அம்பாசிடரில் காலையில் உள்ளங்கை அளவு இருந்த துளை, சாயங்காலம் சோற்றுத்தட்டு அளவு ஆகியிருந்தது. வீட்டில் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மிக் வாங்குங்கள். கன் விசையை அழுத்தினால் வயர் தானாக வந்து உருகி ஒட்டும், சுற்றிலும் கேஸ் காக்கும். பட்டறையில் சிஓ2 வெல்டிங் என்று கேட்டால் காட்டுவார்கள். 30, 40 ஆம்பியர் வரை இறங்கும் சின்ன இன்வெர்ட்டர் மிக், 0.8 வயர், ஒரு சின்ன சிலிண்டர், இவ்வளவுதான். 0.6 வயர் தகட்டுக்கு இன்னும் நல்லது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் அதைத் தேடி அலைவதற்குள் சில் பெட்டி மிச்சமும் உதிர்ந்துவிடும். 0.8 எங்கும் கிடைக்கும்.

ஹெரால்டு நேசன்

ஆர்க்கை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையிலேயே செய்த வண்டி. அதற்கு அடியில் தனிச் சேஸிஸ் உண்டு. உடம்பு அதன்மேல் போல்ட் போட்டு உட்காருகிறது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டும் கைகளை 2.5 ராடு, 6013 வகை வைத்து நானேதான் ஒட்டினேன். எட்டு வருடமாக நிற்கிறது. பானெட் தகட்டில் கை வைத்தபோதுதான் கரிவண்டி சொன்ன கதை எனக்கும் நடந்தது.

பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன், மெஷினை விட இது முக்கியம். சில் பெட்டியை வெட்டும் முன் கதவு வாயில் குறுக்கும் மறுக்கும் சதுரக் குழாய் வைத்து டாக் (தற்காலிகப் புள்ளி ஒட்டு) போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை நாலு பக்கமும் சமமாக முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். என் சிநேகிதர் ஒருவர் இரண்டு சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தார். வண்டி நடுவில் விரல் அகலம் தொய்ந்தது. அப்புறம் கதவு மூடவே இல்லை.

பவானிக்காரன்

அளந்துவிட்டேன். தளம் 0.9, சில் பெட்டியின் உள்தகடு 1.2. கரிவண்டி அண்ணன் கண்ணால் பார்த்ததுபோல் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சந்தேகம். கேஸே தேவையில்லை என்று ஒரு மிக் இருக்கிறதாம். வயருக்குள்ளேயே மருந்து வைத்து வருகிறது என்கிறார்கள். சிலிண்டர் தொல்லை இல்லை, கையில் தூக்கிக்கொண்டு போகலாம், விலையும் பாதி. அது போதாதா?

லேத்துப்பட்டறை

பதினெட்டு வருடமாக அம்பத்தூரில் சிஓ2 கன் பிடிக்கிறேன். கார் வேலை என் தொழில் இல்லை, வயர் என் தொழில்.

மருந்து வயர் வெளியில், காற்றடிக்கும் இடத்தில் நன்றாக ஓடும். கேஸ் வயர் காற்றில் நிற்காது. பக்கத்தில் மின்விசிறி ஓடினாலே கேஸ் கலைந்து தையல் இட்லி மாதிரி துளைதுளையாக வரும். மருந்து வயருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அது தகட்டில் கூடுதல் சூட்டை இறக்கும். 1.2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பழகிய கைக்கே சிரமம். ஒவ்வொரு புள்ளிக்கும் கசடு தட்ட வேண்டும், பொறியும் அதிகம். உங்கள் 0.9 தளத்துக்கு வேண்டாம்.

அதையே வாங்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கேஸ் வயருக்கு கன் பாசிட்டிவ், எர்த் கிளாம்ப் நெகட்டிவ். மருந்து வயருக்கு நேர்மாறு. இரண்டையும் மாற்றிப் போடத் தனி முனை இருக்கிறதா என்று மெஷினைத் திறந்து பாருங்கள். சில மலிவு மெஷின்களில் மாற்றவே வழியிருக்காது. அதில் நாளைக்கு சிலிண்டர் மாட்டினாலும் கேஸ் வயர் ஒழுங்காக ஓடாது.

மெஷின் பெட்டியில் "20 சதவீதம்" என்று போட்டிருப்பது பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் அந்த ஆம்பியரில் ஓட்டலாம் என்று அர்த்தம். மிச்சம் எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும். அதை 40 டிகிரி வெயிலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஈரோட்டு மே மாதத்தில் தெரியும் சேதி. ஆனால் நீங்கள் போடப்போவது ஒரு நொடிப் புள்ளிகள்தானே, மெஷின் சூடாகும் முன் தகடு சூடாகிவிடும். அதைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள்.

ஓம்விதி

வீட்டு வயரிங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் தொழில் அது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

60 ஆம்பியரில் மிக் ஓடும்போது ஆர்க்கில் ஏறக்குறைய 17 வோல்ட் இருக்கும். ஆயிரம் வாட்தான். மெஷின் இழப்பு, பவர் பேக்டர் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் சுவரிலிருந்து எட்டு, ஒன்பது ஆம்பியர்தான் இழுக்கும். ஒரு கீசர் அளவுதான். 15 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் அதே மெஷினை 150 ஆம்பியரில் வைத்தால் சுவரிலிருந்து 25 ஆம்பியர் ஓடும். கடைக்காரர் சொன்ன 250 ஆம்பியர் ஆர்க்கை முழு வேகத்தில் ஓட்டினால் வீட்டு மெயின் போர்டில் இருப்பதெல்லாம் விழும். அப்படி ஒரு மெஷினைச் சிங்கிள் பேஸ் வீட்டில் வாங்குவது ஓட்ட முடியாத சந்தில் நிறுத்தி வைக்க லாரி வாங்குவதுபோல.

அடுத்து எக்ஸ்டென்ஷன் வயர். எல்லோரும் தவறு செய்யும் இடம் இதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை 20 மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் ஓட்டினால் வழியிலேயே பத்து வோல்ட் போய்விடும். போன வோல்ட் எங்கே போகிறது? கிட்டத்தட்ட இருநூறு வாட் சூடாக வயருக்குள்ளேயே. வயரைச் சுருட்டி வைத்திருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஒரு வீட்டில் போய்ப் பார்த்தேன்: டிரம்மில் சுற்றியபடியே வயரை வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள், உள்சுற்றுகள் ஒன்றோடொன்று உருகிக் கேக் மாதிரி ஆகிவிட்டன. 4 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி, முழுவதும் பிரித்துத் தரையில் போடுங்கள். தனி எம்சிபி (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்), 20 ஆம்பியர், சி வகை. வீட்டு எர்த் வேலை செய்கிறதா என்று ஒரு ஆளை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கொட்டகை என்கிறீர்கள், தரை ஈரமாக இருக்கும். ரப்பர் பாய் போட்டு, காய்ந்த கையுறையோடு நில்லுங்கள். வியர்வையில் நனைந்த கையுறை, கையுறையே இல்லாததற்குச் சமம்.

டிங்கர் மகன் (மதுரை)

எல்லோரும் மெஷின் மெஷின் என்கிறீர்கள். எங்கள் அப்பா நாற்பது வருடம் கேஸ் வெல்டிங்கில்தான் பியட் (பத்மினியின் பழைய பெயர்) ஒட்டினார். ஆக்சிஜன், அசிட்டிலீன், ஒன்றாம் நம்பர் முனை. அந்தத் தையலை நீங்கள் சுத்தியலால் தட்டலாம், அது வளைந்துகொடுக்கும். அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டை பிடித்துத் தட்டி எடுத்தால் கையால் தடவினாலும் தெரியாது, பட்டி ஒரு கரண்டிகூட வேண்டியதில்லை. மிக் புள்ளி கல் மாதிரி கெட்டி. அதைத் தட்டினால் பக்கத்துத் தகடு உள்ளே போகும், புள்ளி அப்படியே நிற்கும். அதனால் தேய்க்கிறீர்கள். தேய்த்துத் தேய்த்துத் தகட்டையே மெல்லிசாக்கிவிட்டு மேலே பட்டி அடிக்கிறீர்கள்.

கரிவண்டி

அப்பா சொல்வதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் கேஸ் தீயின் சூடு அகலமாகப் பரவும். கதவுத் தகட்டின் நடுவில் பிடித்தால் முறம் மாதிரி நெளியும். அந்த நெளிவைத் திரும்ப எடுக்கத் தெரிந்த கை அப்பாவுடையது. பவானித் தம்பிக்கு அந்தக் கை வர எத்தனை வருடம்? வீட்டுக்குள் அசிட்டிலீன் சிலிண்டர் வைத்துத் தூங்குவதும் எனக்கு ஒப்பவில்லை.

டிங்கர் மகன்

அதையும் அப்பாவிடம் கேட்டேன். "தளத்துக்கு மிக் போடட்டும், யார் தடவிப் பார்க்கப் போறா? கதவு, மட்கார்டு வந்தா எங்கிட்ட அனுப்பச் சொல்லு" என்கிறார்.

ஹெரால்டு நேசன்

டிக் என்கிற இன்னொரு வகை வெல்டிங்கையும் யாராவது சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். தையல் மென்மையாக வரும், சூடு குறுகலாக நிற்கும், தட்டவும் செய்யலாம். ஆனால் ஒரு கையில் டார்ச், மறுகையில் கம்பி, காலில் பெடல். தகடு பளபளவென்று சுத்தமாக இருக்க வேண்டும், துருவும் பழைய தாரும் கொஞ்சம் இருந்தாலும் கோபித்துக்கொள்ளும். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைச் செய்ய என்னால் முடியாது. மேசைமேல் வைத்து ஒட்டும் துண்டுகளுக்கு அருமை.

பவானிக்காரன்

மன்னிக்கவும், உங்கள் பேச்சைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் இரண்டு வகையும் ஓடும் மிக் மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். ஒரு கிலோ மருந்து வயரும் சேர்த்தே தந்தார். சிலிண்டர் பிறகு பார்க்கலாம் என்று நேற்று ஓட்டிப் பார்த்தேன். தீபாவளிதான். பொறி சட்டைக்குள் போய்த் தொப்புள்வரை சுட்டது. தகட்டில் ஒட்டியது கடுகளவு, சுற்றிலும் தெறித்தது கைப்பிடி அளவு. மெஷின் கெட்டதா, கை கெட்டதா?

லேத்துப்பட்டறை

இரண்டும் இல்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் முனையை மாற்றினீர்களா? மேலே எழுதினேனே.

பவானிக்காரன்

மாற்றவில்லை. இப்போது மாற்றினேன். சத்தமே வேறு. 1.2 தகட்டில் ஒட்டுகிறது, 0.9இல் ஓட்டை விழுகிறது. ஒப்புக்கொள்கிறேன், சிலிண்டர் வாங்கிவிடுகிறேன். சிஓ2வா, மிக்ஸா?

லேத்துப்பட்டறை

மெல்லிய தகட்டுக்கு ஆர்கான் மிக்ஸ் (ஆர்கானும் சிஓ2வும் கலந்தது) நல்லது. ஆர்க் மெதுவாக இருக்கும், தெறிப்பு குறைவு. தனி சிஓ2 ஆழமாக இறங்கும், தெறிக்கும், ஆனால் மலிவு, எங்கும் நிரப்பித் தருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 லிட்டர் மிக்ஸ் சிலிண்டரில் 150 பார் நிரப்பினால் 1500 லிட்டர் கேஸ். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் 150 நிமிடம். குறைவாகத் தெரியும். ஆனால் கன் விசையை அழுத்தும் நேரம் மட்டும்தான் கணக்கு. புள்ளிப் புள்ளியாகப் போடுபவருக்கு அது பல வாரம் வரும். சிஓ2 சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, ஒரு கிலோ ஆவியானால் 540 லிட்டர் ஆகும். நாலரைக் கிலோ சிலிண்டரில் நாலு மணி நேரம் வரும். அதன் அழுத்தக் காட்டியை நம்பாதீர்கள், திரவம் தீரும்வரை முள் ஒரே இடத்தில் நிற்கும், அப்புறம் சட்டென்று விழும். தராசில் வைத்துப் பாருங்கள், வீட்டு அடுப்பு சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

சிலிண்டரின் தோளில் சோதனை செய்த தேதி அடித்திருப்பார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை. தேதி தாண்டிய சிலிண்டரை மலிவு என்று வாங்கினால் எவரும் நிரப்பித் தர மாட்டார்கள்.

யாழ் ஒஸ்டின்

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இங்க இப்பவும் ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் ரோட்டில ஓடுது. சண்டைக் காலத்தில சாமான் வராது, பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயில ஓடின கார்கள் இதுகள். அந்த நாளில தகரம் எங்க கிடைச்சதோ அதை வெட்டி ஒட்டினவை. அந்தப் பழைய ஒட்டுகளைத்தான் நான் இப்ப கழட்டுறன். ஒட்டுத் தகரத்தில கால்வாசி துத்தநாகம் பூசின கூரைத் தகரம். அதில மிக் வைச்ச உடனை வெள்ளைப் புகை கிளம்பும். ஒரு நாள் முழுக்க அதுக்குள்ள நிண்டு வேலை செய்தன். இரவு குளிர் காய்ச்சல், வாயில இரும்பு ருசி, நெஞ்சு இறுக்கம். அடுத்த நாள் விட்டிட்டுது. பால் குடிச்சால் சரி எண்டு எல்லாரும் சொன்னவை, பால் ஒண்டும் செய்யேல்லை. பவானித் தம்பி, துருப்பிடிக்காது எண்டு சொல்லி ஜிஐ (துத்தநாகம் பூசின) தகடு வாங்க வேண்டாம்.

கரிவண்டி

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு), 20 கேஜ் என்று கேளுங்கள், சில்லுக்கு 18. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்த இடத்தில் உடனே வெல்டிங் வைக்காதீர்கள். அவற்றில் குளோரின் சேர்ந்த வகை உண்டு. ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் உயிருக்கே உலைவைக்கும் வாயு வரும். தின்னரும் அப்படியே வேண்டாம், அது தீப்பிடிக்கும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியத் தேய்த்தாலே போதும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள், "காலி டேங்க்தானே" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பாட்டரியையும் எடுத்துவிடுங்கள். கதவுத் துணி, சீட், தளத்துத் தார் எல்லாம் எரியும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் உங்களைக் கவனிக்க ஒரு ஆளும் இருக்கட்டும்.

டாக் போடும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்கிற ஆள் நீங்கள் என்றால், தானாகக் கறுக்கும் முகமூடி வாங்கிவிடுங்கள். நான் அந்த ஆளாக இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது.

பவானிக்காரன்

மிக்ஸ் சிலிண்டர் வந்துவிட்டது. மெஷின் நாலாயிரம் என்று நினைத்துச் சிரித்தவன், சிலிண்டரும் ரெகுலேட்டரும் முகமூடியும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் வாங்கியதில் இருபதைத் தொட்டுவிட்டேன். மூன்று நாள் வண்டியைத் தொடவே இல்லை. சிஆர் ஷீட் துண்டுகளை மேசையில் வைத்துப் புள்ளி போட்டுக்கொண்டே இருந்தேன். வயர் வேகம் அதிகமானால் கன் கையைப் பின்னால் தள்ளுகிறது, குறைந்தால் வயர் முனைக்குள்ளேயே உருகி அடைக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் வடை பொரிகிற சத்தம் வருகிறது. அதைக் கண்டுபிடித்ததும் மார்க்கர் வைத்துக் குமிழில் கோடு போட்டுவிட்டேன்.

நேற்று தளத்தில் முதல் ஒட்டு. ஒரு புள்ளி, அப்புறம் நாலு விரல் தள்ளி ஒன்று, பிறகு எதிர்முனையில் ஒன்று. கை வைத்தால் சுடாத வரை ஆறவிட்டு அடுத்தது. இருபது சென்டிமீட்டர் தைக்க ஒன்றரை மணி நேரம். எர்த் கிளாம்பை முதலில் பம்பரில் மாட்டியிருந்தேன், ஆர்க் விக்கிக்கொண்டே இருந்தது. பெயிண்ட் சுரண்டி, ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மாட்டியதும் சரியானது. படம் போட்டிருக்கிறேன், கழுவி ஊற்றுங்கள்.

டிங்கர் மகன்

அப்பாவிடம் போனில் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். இடமிருந்து ஆறாவது, ஏழாவது புள்ளிக்கு நடுவில் ஓட்டை விட்டிருக்கிறதாம். பின்னால் ஒரு செம்புத் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து அடைக்கச் சொன்னார். செம்பில் வயர் ஒட்டாது. மிச்சத்தைத் தேய்க்க வேண்டாமாம், அடியிலிருந்து சீலரும் தாரும் பூசிவிட்டால் போதுமாம். சில் பெட்டியை மூடும் முன் உள்பக்கம் பிரைமர் அடித்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார்.

பவானிக்காரன்

அடிக்கவில்லை. இடது பக்கம் இன்னும் மூடவில்லை, நாளைக்கே அடித்துவிடுகிறேன். செம்புக்கு அம்மாவின் பழைய சொம்பு ஒன்று பரணில் கிடக்கிறது. கேட்டுப் பார்க்கவேண்டும்.